பிராக்கெட் அடித்தவர்கள்: அம்பாசடர், ஆல்டர்னேட்டர், திருவண்ணாமலை

1

மோட்டார் வாகனத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பவை இரண்டே வகை. ஒன்று கண்டுபிடித்தவர்களின் வரலாறு, இன்னொன்று முதலாளிகளின் வரலாறு. 1903இல் சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி நீராவிக் கார் செய்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1957இல் வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் பிறந்தது. 1961இல் வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்து ஹெரால்டு வந்தது. கம்பெனி, வருஷம், மாடல். அவ்வளவுதான். வண்டி ஆலை கேட்டைத் தாண்டியதும் இந்த வரலாறு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வண்டி நாற்பது ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறதே, அதை யார் ஓட வைத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. 'எவனோ ஒரு மெக்கானிக்.' இந்த 'எவனோ' என்ற சொல்லுக்குள் ஒரு வர்க்கத்தின் மொத்த அறிவும் புதைக்கப்பட்டிருக்கிறது என்பதே என் கட்சி.

இந்தக் கட்டுரை ஒரு கையகல இரும்புத் துண்டைப் பற்றியது. பழைய அம்பாசடர் எஞ்சினில் இருக்கிற டைனமோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆல்டர்னேட்டரை உட்கார வைப்பதற்காகப் பட்டறையில் வெட்டி, வளைத்து, துளை போட்டுச் செய்கிற பிராக்கெட். அதோடு சேர்ந்த புல்லி, பெல்ட். இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். இரண்டு காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று பூட்டப்படும் இடம் அது என்பது என் பதில். 1950களின் பிரிட்டிஷ் எஞ்சின் ஒரு பக்கம், 1960களுக்குப் பிந்தைய மின் தொழில்நுட்பம் மறுபக்கம். இரண்டும் தாமாகச் சேரா. சேர்த்து வைத்தவர்கள் திருவண்ணாமலை போன்ற ஊர்களின் ஷெட்டுகளில் இருந்தார்கள்.

திருவண்ணாமலைக்கு வரலாறு பஞ்சமில்லை. கல்வெட்டுகள் உண்டு. ராஜகோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் கிருஷ்ணதேவராயர் காலத்தவை என்று 1516ஆம் ஆண்டைச் சொல்வார்கள். மகான்களின் வாழ்க்கைச் சரிதங்கள் உண்டு. 1938இல் சாமர்செட் மாம் வந்து போனது உண்டு. 'ஆன்மீக நகரம்' என்கிற இந்தச் சொல்லாடலுக்குள் வேட்டவலம் ரோடு, திண்டிவனம் ரோடு, செங்கம் ரோடு ஓரத்துப் பட்டறைகள் மட்டும் வருவதில்லை. ஆனால் மகானைப் பார்க்க வந்தவர்கள் நடந்தா வந்தார்கள்? ரயிலில் வந்தார்கள், பஸ்ஸில் வந்தார்கள், காரில் வந்தார்கள். அந்தக் கார் இந்த ஊரில்தான் நின்றது. இந்த ஊரில்தான் மறுபடி கிளம்பியது.

2

முதலில் எது பழையது, எது புதியது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். டைனமோ பழசு, ஆல்டர்னேட்டர் புதுசு என்பது பொதுப்புத்தி. வரலாறு அப்படி நேர்கோட்டில் போகவில்லை.

காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று ஃபாரடே காட்டியது 1831. மறு வருஷமே பாரிஸில் ஹிப்போலிட் பிக்ஸீ என்பவர் கையால் சுற்றுகிற ஒரு கருவியைச் செய்தார். அதில் வந்தது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அன்றைக்கு அது ஒரு தொல்லையாகவே பார்க்கப்பட்டது. பேட்டரியில் வருகிற மாதிரி ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம்தான் வேண்டும் என்றார்கள். ஆம்பியரின் யோசனைப்படி ஒரு கம்யூட்டேட்டர் சேர்க்கப்பட்டது. ஆக, காலத்தில் முந்தியது ஆல்டர்னேட்டரின் தத்துவம். டைனமோ அதன்மேல் செய்யப்பட்ட திருத்தம்.

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுற்றுகிற ஆர்மேச்சரில். பிறந்த மின்சாரம் முழுவதும் கம்யூட்டேட்டர் வழியாகவும் கார்பன் வழியாகவும்தான் வெளியே வர வேண்டும். கார்பன் தேயும், கம்யூட்டேட்டர் கருகும். வேகத்தைக் கூட்டினால் ஆர்மேச்சர் சுற்றுகள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்குகிறது. சுற்றுவது காந்தப்புலம். மின்சாரம் பிறப்பது அசையாமல் இருக்கிற ஸ்டேட்டர் சுருளில். கார்பன் வழியே போவது புலத்துக்கான சிறிய மின்சாரம் மட்டும். மாறுதிசையை ஒருதிசையாக்கும் வேலையைச் சிலிக்கான் டையோடுகள் பார்த்துக்கொள்கின்றன. இந்த டையோடுகள் மலிவாகக் கிடைக்கிறவரை நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பழைய தத்துவம் கார்களுக்கு வெளியே காத்திருந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 1960இல் தன் வேலியண்ட் காரில் அதை ஆலையிலேயே பொருத்தி அனுப்பியது.

இங்கே என்ன நடந்தது? வெளிநாட்டு வண்டிகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவில் கடையைக் கட்டிவிட்டன. உத்தர்பாரா, பம்பாய், சென்னை என்று மூன்று இடங்களில் மூன்று கார்க் கம்பெனிகள். லைசென்ஸ், ஒதுக்கீடு, காத்திருப்போர் பட்டியல். போட்டி இல்லாத இடத்தில் மாடல் மாற வேண்டிய அவசியமும் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இங்கே அம்பாசடர் ஆனது. 1489 சி.சி. கொண்ட பி.எம்.சி. எஞ்சின் அதில் ஏறியது. இங்கிலாந்தில் அந்த மாடலை மறந்த பிறகும் இங்கே அதன் உடம்பு 2014 மே மாதம்வரை செய்யப்பட்டது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். கார்களுக்கான மின் சாமான்களைச் செய்தது. பிந்தைய அம்பாசடர்களில் ஆலையிலேயே ஆல்டர்னேட்டர் வந்தது. ஆனால் அதற்குள் டைனமோவோடு விற்கப்பட்ட வண்டிகள் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டு மாற்றித் தரவில்லை. மாற்றியது யார் என்ற கேள்வியிலிருந்துதான் நம்முடைய வரலாறு தொடங்குகிறது.

3

ஏன் மாற்ற வேண்டும்? டைனமோ ஒழுங்காகத்தானே ஓடுகிறது? இதற்குப் பதில் இந்த ஊரின் தெருவில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் ஐடிலில் நிமிஷத்துக்கு 600, 700 சுற்று. டைனமோ புல்லி எஞ்சின் புல்லியைவிடச் சிறியது, ஒன்றரை மடங்கு வேகம் கிடைக்கிறது என்று வைத்தாலும் டைனமோவின் சுற்று ஆயிரத்தைத்தான் தொடும். லூகாஸ் டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆரம்பிப்பதோ சுமார் 1500 சுற்றில். அதற்குக் கீழே கட்-அவுட் திறந்துகொள்ளும், சார்ஜ் பூஜ்யம். தலைவிளக்கு இரண்டும் 45 வாட் என்றால் மொத்தம் 90 வாட், 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். பின்விளக்கு, இக்னிஷன் காயில் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு ஆம்பியர் பக்கம். இது முழுக்கப் பேட்டரியிலிருந்து போகிறது. 50 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் நாலு மணி நேரம் தாங்கும். நிஜத்தில் அதற்கு வெகு முன்பே விளக்கு மஞ்சளாகிவிடும்.

இப்போது கார்த்திகை தீப இரவை நினைத்துப் பாருங்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், லட்சக்கணக்கில் ஜனம். ஊருக்குள் வருகிற ஒவ்வொரு ரோட்டிலும் வண்டிகள் நத்தை மாதிரி ஊர்கின்றன. ஐந்து நிமிஷம் நகரும், இருபது நிமிஷம் நிற்கும். எஞ்சினை நிறுத்தினால் பேட்டரி இறங்கிய வண்டி மறுபடி கிளம்பாது. நிறுத்தாவிட்டால் ஐடிலில் டைனமோ சும்மா சுற்றும். 1990களில் கிரிவலக் கூட்டம் மாதாமாதம் பெருக ஆரம்பித்தபோது பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதே கதை. இன்னொரு பக்கம், நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு 190 கிலோமீட்டர் இருட்டில் வருகிற டாக்ஸிகள். நகர நெரிசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்று நின்று வர வேண்டும்.

இங்கிலாந்து ரோட்டுக்காக வடிவமைக்கப்பட்ட டைனமோ இந்தப் பக்தியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்ஸி டிரைவருக்கு இது தத்துவப் பிரச்சினை இல்லை, அன்றைய வாடகை. நடுரோட்டில் வண்டி நின்றால் பார்ட்டி இறங்கிப் போய்விடும். எனவே அவர்தான் பட்டறைக்கு வந்து கேட்டார்: ஆல்டர்னேட்டர் ஏத்த முடியுமா? தொழில்நுட்ப மாற்றம் மேலே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கீழே வடிகிறது என்று பாடப் புத்தகம் சொல்கிறது. இங்கே கீழே இருக்கிற ஒரு கூலித் தேவை மேலே இருந்த ஒரு சாமானைப் பிடித்து இழுத்திருக்கிறது.

4

வேட்டவலம் ரோட்டு ஷெட் ஒன்றில் ஒரு மார்க்-2 அம்பாசடருக்கு இந்த வேலை நடந்தபோது ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தேன். அதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'அனுபவ அறிவு', 'கைப்பழக்கம்' என்று ஒதுக்கப்படுகிற ஒன்றுக்குள் எத்தனை அளவுகள், எத்தனை விதிகள் இருக்கின்றன என்பதை விரிவாகச் சொன்னாலொழிய யாரும் நம்பப் போவதில்லை.

இந்த எஞ்சினின் வலது பக்கத்தில் டைனமோ இருக்கிறது. மேலே முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட்டில் தொங்கும். கீழே நீண்ட துளை கொண்ட ஒரு பட்டை. அந்தத் துளையில் டைனமோவை வெளியே தள்ளி முறுக்கினால் பெல்ட் இறுகும். பெல்ட் முக்கோணமாக ஓடுகிறது: கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, டைனமோ புல்லி. பம்ப் புல்லியிலேயே ஃபேனும் இருக்கிறது. இதை மறக்கக் கூடாது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, தண்ணீரும் ஓடாது, எஞ்சின் கொதித்துவிடும். பிராக்கெட் கரண்டுச் சமாச்சாரம் மட்டும் என்று நினைப்பவன் எஞ்சினைக் கொன்றுவிடுவான்.

டைனமோ நீளமானது. ஆல்டர்னேட்டர் குட்டை, பருமன். முன்பக்கக் காது பொருந்தினால் பின்பக்கக் காது பழைய தாங்கியை எட்டாது. வேலை தெரியாதவர்கள் முதலில் பிராக்கெட்டைச் செய்துவிட்டுப் பிறகு புல்லியை நேராக்கப் பார்ப்பார்கள். அந்த மெக்கானிக் தலைகீழாகச் செய்தார். "புல்லி மொதல்ல சார். அது எங்க நிக்கணும்னு அது சொல்லும். அதுக்கப்புறம்தான் பிராக்கெட்டு. புல்லிக்குத்தான் பிராக்கெட்டு, பிராக்கெட்டுக்குப் புல்லி இல்ல."

ஆல்டர்னேட்டரை மரத்துண்டுகளின்மேல் நிறுத்தி, கிராங்க் புல்லிக்கும் பம்ப் புல்லிக்கும் குறுக்கே நூல் பிடித்தார். கொத்தனார் பிடிக்கிற அதே நூல். ஆனால் விளிம்பில் பிடிக்கவில்லை. மூன்று புல்லிகளின் விளிம்புத் தடிமனும் மூன்று விதம். விளிம்பை நம்பினால் பள்ளம் தப்பும். பள்ளத்தின் நடுவை நடுவோடு சேர்த்தார். பொறியியல் கையேடுகள் இந்த வகைப் பெல்ட்டுக்கு அனுமதிக்கிற கோணல் அரை டிகிரி, அதாவது ஓரடி தூரத்துக்குப் பத்தில் ஓரங்குலம். அவர் டிகிரி என்று சொல்லவில்லை. ஒரு வாசர் கனத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். கணக்கு ஏறக்குறைய ஒன்றேதான், அளவுகோல்தான் வேறு.

பிறகு அட்டையில் வடிவம் வெட்டிப் பார்த்து, ஆறு மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட். மூலையைக் கூர்மையாக மடிக்காமல் வளைத்தார்கள். கூர்மூலையில்தான் அதிர்வு விரிசலைத் தொடங்கும். வெல்டிங் ஓரத்தில் ஒரு முக்கோணத் துண்டு முட்டாக வைக்கப்பட்டது. காரணம் எளிது. நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு, பெல்ட்டின் இழுவை, ஆல்டர்னேட்டரின் எடை மூன்றும் அந்த ஒரே மூலையில் இரவும் பகலும் வேலை செய்கின்றன. பின்காதுக்கும் தாங்கிக்கும் நடுவே மிஞ்சிய இடைவெளிக்கு லேத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்கி வந்தான் பையன். அளவு துல்லியமாக இருக்க வேண்டும். குறைந்தால், போல்ட்டை முறுக்கும்போது அலுமினியக் காது தாங்கியை நோக்கி இழுக்கப்பட்டுச் சில வாரத்தில் முறியும். அந்தப் பையன் இரண்டு தடவை லேத்துக்கு நடந்தான். அந்த நடை எந்தப் பில்லிலும் ஏறாது.

புல்லியில் இன்னொரு முடிவு. டைனமோவின் பெரிய புல்லியையே போடலாமா? போட்டால் ஐடிலில் பழைய கதைதான். ஆல்டர்னேட்டர் அதிக வேகத்தைத் தாங்கும். கிராங்க் புல்லி ஐந்தங்குலம், இதன் புல்லி இரண்டரை அங்குலம் என்று கணக்குக்கு வைத்தால் எஞ்சின் 700இல் இது 1400 சுற்றும், தலைவிளக்குக்குத் தேவையானதில் பெரும்பங்கை அங்கேயே தர ஆரம்பிக்கும். அதற்காக ரொம்பச் சிறிதாக்கினால் பெல்ட் சுற்றிப் பிடிக்கிற இடம் குறைந்து நழுவும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஒரு புல்லியைத் தேர்ந்தெடுப்பது தீர்மானம். வெறும் பழக்கம் என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பெல்ட் நீளத்தையும் நூலால் அளந்தார்கள், ஆல்டர்னேட்டரைப் பட்டைத் துளையின் நடுவில் நிறுத்திவைத்து. புது பெல்ட் கொஞ்சம் இளகும், இறுக்க இடம் வேண்டும். இறுக்கும்போது கம்பியை நெம்பியது முன்மூடியில். பின்பக்கத்தில் நெம்பினால் உள்ளே டையோடு இருக்கிற மூடி உடையும். நீளமான ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். கம்பெனிக் கையேடும் இதையேதான் சொல்கிறது. லூசாக இருந்தால் கத்தும். அதிகம் இறுக்கினால் பம்ப் பேரிங் போகும்.

கடைசியாக வயர். பழைய லூகாஸ் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் எர்த். இதை மாற்றாமல் பேட்டரியைக் கொடுத்தால் டையோடு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். டைனமோவின் 22 ஆம்பியருக்காகப் போட்ட வயர் இதற்குப் போதாது, கனமான வயர் இழுக்க வேண்டும். அது முடிந்தது. எஞ்சினைப் போட்டார்கள். விளக்கைப் போட்டார்கள். ஐடிலில் விளக்கு மங்கவில்லை.

5

'வி' பெல்ட் என்பது ஓர் ஆப்பு. இதை எனக்குச் சொன்னவரும் அந்த மெக்கானிக்தான். "பெல்ட்டு அடியில போயி உக்காரக் கூடாது சார். ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சிக்கினாத்தான் புடிச்சிக்கினு போவும். புல்லிப் பள்ளத்துல அடி பளபளன்னு இருந்தா அந்தப் புல்லி செத்துப்போச்சின்னு அர்த்தம்." ரைஸ் மில்களில் ஓடிய தட்டைப் பட்டைகள் இறுக்கத்தால் பிடித்தன. 1917இல் அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் செய்த 'வி' பெல்ட் பக்கவாட்டில் சிக்கிப் பிடித்தது. அதனால்தான் குறைந்த இறுக்கத்தில், சிறிய இடத்தில், சிறிய புல்லியை அதனால் ஓட்ட முடிந்தது. நம் பக்கத்தில் மதுரை ஃபென்னர் ஆலையின் பெல்ட்டுகள் பட்டறைச் சுவர்களில் வளையம் வளையமாகத் தொங்குகின்றன.

ஆப்பு என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தேர் ஞாபகம் வரும். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதம் ஓடுகிறது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். படம் எடுக்கப்படுவது வடத்தை. ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டு, அந்த நொடியில் கட்டையைச் சொருகி, அந்த நொடியிலேயே கையை எடுக்க வேண்டும். திருச்சி பெல் நிறுவனம் பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து தந்த பிறகும் கட்டை போடுபவர் தேவைப்படுகிறார். இந்த வேலையை நம் மொழி என்ன செய்திருக்கிறது பாருங்கள். 'முட்டுக்கட்டை போடுவது' என்றால் காரியத்தைக் கெடுப்பது. 'ஆப்பு வைப்பது' என்றால் ஒருவனைக் கவிழ்ப்பது. தேரைச் சேதாரமில்லாமல் நிலைக்குக் கொண்டுவருகிற அறிவு, வசவாக மாறிவிட்டது. மொழி சும்மா இருப்பதில்லை. இழுப்பவனின் பார்வையிலிருந்தே அது வேலையைப் பார்க்கிறது. சக்கரத்துக்கு அடியில் இருப்பவனின் பார்வையிலிருந்து பார்ப்பதில்லை.

இதற்கு அடியில் சாதி இருக்கிறது. கையில் அழுக்குப் படுகிற வேலை எல்லாம் கீழான வேலை, அந்த வேலைக்குள் அறிவு இருக்க முடியாது என்கிற பார்வை நமக்குப் பழையது. ஆனால் மோட்டார் பட்டறைக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளி, பாதி நாள் தகப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் அதைக் கைவிட்டார். இது தெரிந்த வரலாறு. தெரியாத பாதி ஒன்று உண்டு. அரசு பையன்களைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பப் பார்த்த அதே காலத்தில், ரோட்டோர ஷெட்டுகள் பையன்களைத் தகப்பன் தொழிலிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. கார் எஞ்சின் எவனுடைய குலத்தொழிலும் இல்லை. எந்த சாஸ்திரமும் ஆல்டர்னேட்டருக்கு வருணம் எழுதி வைக்கவில்லை. நிலமில்லாதவன் மகனும், சவரத் தொழிலாளி மகனும், முஸ்லிம் வீட்டுப் பையனும் ஒரே குழிக்குள் இறங்கி ஒரே ஸ்பேனரைப் பிடிக்க முடிந்தது. ஒரே டம்ளரில் டீ குடித்தார்களா என்பது அந்தந்த முதலாளியைப் பொறுத்தது.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன்களுக்கு வயது பத்து, பன்னிரண்டு. கூலி டீயும் தீபாவளிச் சட்டையும். ஸ்பேனர் மாற்றிக் கொடுத்தால் தலையில் குட்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் ஷெட்டுகளில் பையன்கள் இருந்தார்கள். பெண்களுக்கு அந்த வாசலே கிடையாது. வேலை தெரிந்தவனுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் வைத்திருப்பவன் ஆலைக்குப் போனான், வேலை தெரிந்தவன் ஷெட்டிலேயே கிழவனானான். சாதி தந்தையின் தொழிலாக வாசலில் நிறுத்தப்பட்டு, எஞ்சினியர்/மெக்கானிக் என்கிற புது ரூபத்தில் பின்கதவு வழியாக உள்ளே வந்தது.

6

நம் நண்பர்களில் சிலருக்கு இதைப் படிக்கும்போது லெவி-ஸ்ட்ராஸ் நினைவுக்கு வருவார். 1962இல் அவர் இரண்டு மனித மாதிரிகளைச் சொன்னார். கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவன் ஒருவன். திட்டமிட்டு, தேவையான சாமானைத் தருவித்துச் செய்கிற எஞ்சினியர் இன்னொருவன். 1966இல் தெரிதா இந்த எதிர்மறையைக் கட்டவிழ்த்தார். எல்லாவற்றையும் தானே தொடக்கத்திலிருந்து உண்டாக்குகிற எஞ்சினியர் என்பவன் ஒரு புனைவு, எல்லோருமே கிடைத்ததை வைத்துத்தான் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். அதற்கும் நாற்பது வருஷம் முன்னால், 1926இல், ஆல்பிரட் சோன்-ரெத்தல் என்ற ஜெர்மன் மார்க்சியர் நேப்பிள்ஸ் நகரத்தைப் பற்றி எழுதினார். அங்கே இயந்திரம் கெட்டுப்போன பிறகே மனிதர்களுக்குச் சொந்தமாகிறது என்றார்.

இவையெல்லாம் நமக்கு உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. கடந்த இருபது வருஷமாக 'ஜுகாட்' என்றொரு சொல் நிர்வாகவியல் கல்லூரிகளில் புழங்குகிறது. ஏழை இந்தியன் எப்படியாவது சமாளிப்பான், அவனிடம் கம்பெனிகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று புத்தகங்கள் வருகின்றன. புகழ்ச்சி மாதிரி இருக்கிறது. உள்ளே பார்த்தால் இரண்டு மறைப்புகள். முதலாவது, அந்த மெக்கானிக் ஏன் சமாளிக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி காணாமல் போகிறது. மாடலை மாற்றாத முதலாளி, கிடைக்காத ஸ்பேர், சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் சந்தைக்குப் போய்வரும் பஸ் கட்டணம், எல்லாம் மறைந்து 'திறமை' மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது, 'எப்படியாவது' என்கிற சொல். வேட்டவலம் ரோட்டில் நான் பார்த்ததில் 'எப்படியாவது' எதுவும் இல்லை. நூல் இருந்தது, புஷ் அளவு இருந்தது, அரை அங்குலம் இருந்தது, கூடவே கூடாது என்கிற விலக்குகள் இருந்தன. ஒழுங்கான அறிவை ஒழுங்கற்ற சாமர்த்தியம் என்று பெயர் மாற்றுவதும் ஓர் அதிகாரச் செயல்பாடு. ஃபூக்கோ 1976இல் பேசிய ஒடுக்கப்பட்ட அறிவுகளில் இதையும் சேர்க்க வேண்டும். தகுதி இல்லாதது என்று தரம் பிரிக்கப்பட்டு, அடுக்கின் கீழே தள்ளப்பட்ட அறிவு.

7

இன்றைக்கு இந்தப் பிரச்சினை புது வடிவம் எடுத்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு பழைய வண்டிகளைப் பற்றி இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, பழைய வாகனங்களைக் கழித்துக் கட்டும் கொள்கை. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகிறது. இன்னொன்று, ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனி வரிசையில் பதிவு செய்யும் விதி. அதற்கு நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

'அசல் வடிவம்.' இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய கார் பிரியர்களின் உலகத்தில் டைனமோ இருந்தால் மதிப்பு, ஆல்டர்னேட்டர் ஏறியிருந்தால் கறை. ஷோவில் நிறுத்துவதற்காகப் பட்டறைப் பிராக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய டைனமோவைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். தூய்மை/கலப்பு என்கிற, நமக்கு நன்றாகத் தெரிந்த அந்த எதிர்மறை இங்கேயும் வேலை செய்கிறது. அம்பாசடரின் 'அசல்' எது? வடிவம் ஆக்ஸ்ஃபோர்டு, உடம்பு வங்காளம், மின் சாமான் பாடி, பெல்ட் மதுரை, அதைப் பூட்டியவன் திருவண்ணாமலை. அது பிறக்கும்போதே கலப்பு. தொடக்கத்தில் தூய்மை இருந்தது, பிறகு கை பட்டுக் கெட்டது என்கிற கதையை வண்டிக்கும் நாம் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். கழற்றி எறியப்படுகிற அந்தத் தகட்டோடு, வண்டி இந்த மண்ணில் ஓடிய நாற்பது வருஷமும் எறியப்படுகிறது. மிஞ்சுவது ஆலை கேட்டில் நின்ற முதல் நாள் மட்டும். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த முதலாளி வரலாறு காரின் உடம்பிலேயே மறுபடி எழுதப்படுகிறது.

கழிக்கிற வண்டிகளின் கதி இன்னும் மோசம். அவை பழைய இரும்பாகும்போது பிராக்கெட்டும் எடைக்குப் போகிறது. அதைச் செய்தவருக்கு இப்போது அறுபது, எழுபது வயது. புது வண்டிகளில் கோளாறைச் சொல்வது கம்ப்யூட்டர். அதன் சாவி கம்பெனியின் கையில். ரோட்டோரப் பட்டறைக்குள் அது வராது. டாக்ஸிக்காரரின் தேவை ஷெட்டுக்குள் நுழைந்து, சாமானை மாற்றி, மறுநாள் ரோட்டுக்குத் திரும்பிய அந்தச் சுற்று அறுந்துகொண்டிருக்கிறது.

எழுதுகிறவர்களாகவும் இயக்கத்தில் இருப்பவர்களாகவும் நாம் செய்யக்கூடிய காரியம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அவசரமானது. அவரவர் ஊர்ப் பட்டறைகளுக்குப் போக வேண்டும். வாய்மொழி வரலாறு என்று நாட்டுப்பாடலையும் கதையையும் சேகரித்தோம், நல்லது. ஒரு பிராக்கெட் ஏன் அந்த வளைவில் வளைந்திருக்கிறது என்பதும் வாய்மொழி வரலாறுதான். அதைக் கேட்டு, படம் வரைந்து, அளவு குறித்து, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். மோட்டார்த் தொழிலாளர் சங்கங்கள் டிரைவர், கண்டக்டர்களோடு நிற்காமல் ரோட்டோர மெக்கானிக்கையும், அவரிடம் வேலை கற்றவரையும் உறுப்பினராக்க வேண்டும். கற்றதற்கு ஒரு சான்று, கை போனால் ஓர் ஈட்டுத்தொகை, இவற்றைக் கோரிக்கையாக வைக்க வேண்டும். லேத்துக்கு இரண்டு தடவை நடந்த அந்தப் பையனின் நடைக்கு அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இடம் இருக்க வேண்டும்.